பனி ஏரிக்கு ஓர் இழுவண்டி

கைவேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் மரப்பெட்டி பற்றிய பதிலின் கடைசியில், கனடாவின் வின்னிபெக் நகரத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, உறைந்த ஏரிக்கு மீன்பிடிச் சாமான் இழுத்துப் போக ஆணியே இல்லாமல் கயிற்றால் ஒரு ஸ்லெட் (சக்கரமில்லாமல் பனியில் சறுக்கிப் போகும் இழுவண்டி) கட்டி, அடியில் பிளாஸ்டிக் டிரம் பட்டை வைத்தேன், ஆணியும் ஸ்குரூவும் போட்டதைவிடக் கயிற்றுக் கட்டே உறுதி என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். பெங்களூரில் பிள்ளைகளைக் குளிர்நாட்டுக்கு அனுப்பாத தெருவே இல்லை என்று ஆகிவிட்டது போலிருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க ஸ்லெட்தான். ஒரு சின்ன ஏற்பாடு: நம் மொழியில் பனி என்றால் காலைப்பனியும் அதுதான், வானத்திலிருந்து கொட்டுவதும் அதுதான். குழப்பம் வராமலிருக்க, ஏரியின் மேல் கெட்டியாக உறைந்திருப்பதை ஐஸ் என்றும், அதன்மேல் விழுந்து கிடப்பதைப் பனித்தூள் என்றும் எழுதுகிறேன்.

கேள்வி: என் மருமகன் வின்னிபெக்கில் இருக்கிறார். குளிர்காலத்தில் ஏரி ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கப் போவார். சாமான்களை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுக் கையால் இழுத்துப் போகிறார். அது அடிக்கடி கவிழ்கிறதாம். நான் டிசம்பரில் மூன்று மாதம் அங்கே போகிறேன். வங்கி வேலையில் ஓய்வு பெற்றவன், மரவேலை என் பொழுதுபோக்கு. அவருக்கு என் கையால் ஒரு ஸ்லெட் செய்து கொடுக்க ஆசை. எப்படிச் செய்வது? இங்கிருந்து என்ன கொண்டு போகலாம்?
வாசகர், விவேக் நகர்

பதில்: ஐயா, முதலில் மருமகனிடம் ஒரு வேலை சொல்லுங்கள். ஏரிக்கு எடுத்துப் போகிற சாமான் அத்தனையையும் எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் மகன் "30 கிலோ இருக்கும்பா" என்றான். குளியலறை எடைமேடையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஐஸைத் துளைக்கும் ஆகர், மடக்குக் கூடாரம், கேஸ் சிலிண்டரோடு ஹீட்டர், உட்கார இரண்டு பக்கெட், துளையில் மிதக்கும் ஐஸ்தூளை அள்ளும் கரண்டி, இரண்டரை அடித் தூண்டில் கோல்கள், சாப்பாடு, பிளாஸ்க் எல்லாம் சேர்ந்து 55 கிலோ வந்தது. திரும்பும்போது மீனும் சேரும். எடை தெரியாமல் மரத்தில் கை வைக்காதீர்கள்.

தொட்டி கவிழக் காரணம், அதன் அடி வழவழப்பான ஒரே பரப்பு. சரிவில் குறுக்காகப் போனால் பக்கவாட்டில் நழுவும், எதிலாவது இடித்ததும் மேலே அடுக்கியிருப்பது சாய்த்துவிடும். 2 அடி இடைவெளியில் இரண்டு சறுக்குக் கட்டைகள் இருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

நான் கட்டியது ஆர்க்டிக் பகுதி இனுயிட் மக்களின் 'கமுடிக்' என்ற ஸ்லெட்டின் சின்ன வடிவம். அங்கே மரக்கடையில் 2க்கு 6 பலகை என்று கேளுங்கள். அளந்தால் ஒன்றரைக்கு ஐந்தரை அங்குலம்தான் இருக்கும். இழைத்த பிறகு உள்ள அளவு அது, கடைக்காரர் மேல் குற்றமில்லை. ஸ்ப்ரூஸ் மரம் லேசாக இருக்கும், விலையும் குறைவு. 5 அடியில் இரண்டு வெட்டி, படுக்கப் போடாமல் குத்தாக நிறுத்த வேண்டும். இவைதான் சறுக்குக் கட்டைகள். முன்முனையின் அடியை ஓர் அடி நீளத்துக்கு மெல்ல மேலே ஏறுகிற மாதிரி வளைத்து அறுத்துவிடுங்கள். வளைவு திடீரென்று எழும்பினால் பனித்தூளில் முட்டி நிற்கும், ஏறாது.

இதன் மேலே குறுக்குப் பலகைகள்: மூன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம், 28 அங்குல நீளம். ஒன்றுக்கொன்று ஓர் அங்குல இடைவெளி விட்டால் 11 பலகை போதும். இடைவெளி அவசியம். பனித்தூள் அதன் வழியே கீழே கொட்டிவிடும். இல்லாவிட்டால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவீர்கள்.

இனி கட்டு. உயிரே இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு குறுக்குப் பலகையும் சறுக்குக் கட்டையைக் கடக்கும் இடத்தில், பலகையின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் கயிறு நழுவாதபடி சின்னச் சின்ன வெட்டுகள். அதற்கு நேர் கீழே, சறுக்குக் கட்டையின் மேல்விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் இறக்கி, அரை அங்குலத் துளை. துளையின் வாயை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பு கயிற்றை ஒரே குளிர்காலத்தில் தின்றுவிடும். கயிறு துளைக்குள் போய், உள்பக்கம் முன்வெட்டு வழியே ஏறி, பலகைமேல் கோணலாகக் கடந்து, வெளிப்பக்கம் பின்வெட்டு வழியே இறங்கி, மறுபடி துளைக்குள். நான்கு சுற்று இப்படி, நான்கு சுற்று எதிர்க்கோணத்தில். மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி தெரிய வேண்டும். கடைசியாக, பலகைக்கும் துளைக்கும் நடுவில் தெரிகிற கயிறுகளைச் சேர்த்துப் பிடித்து இறுக்கி இரண்டு சுற்று. இந்த இரண்டு சுற்றுதான் கட்டு முழுவதையும் கெட்டியாக்கும். முடிச்சுப் போட்டு, நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள்.

22 இடத்தில் கட்டு வரும், ஒன்றுக்கு இரண்டரை மீட்டர் ஆகும். இங்கிருந்து கொண்டு போகச் சிறந்தது இந்தக் கயிறுதான்: 3 மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் கயிறு, 70 மீட்டர். நைலான் வேண்டாம். நைலான் தண்ணீரைக் குடித்து நீளும், கட்டு தளரும். பாலியஸ்டர் அப்படி நீளாது.

இன்னொன்றும் இங்கிருந்து கொண்டு போகலாம், நம் ஊர் மாடியெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிற நீல டிரம். முழு டிரம் இல்லை, அதன் சுவரிலிருந்து வெட்டிய இரண்டு பட்டைகள். ஒன்றரை அங்குல அகலத்தில் 5 அடி நீளம் வேண்டும். டிரம்மின் உயரம் அவ்வளவு வராது, அதனால் சுற்றுவாக்கில் வெட்டுங்கள். சுருட்டினால் பெட்டிக்குள் அடங்கிவிடும். இந்தப் பிளாஸ்டிக் எச்.டி.பி.ஈ. என்கிற பாலிதீன். கடுங்குளிரிலும் நொறுங்காது, ஐஸில் நன்றாக வழுக்கும். ஆனால் எந்தப் பசையும் இதில் ஒட்டாது, ஸ்குரூதான். தலை பட்டைக்குள் முழுசாகப் புதையும்படி குழி எடுத்துப் போடுங்கள். ஒரு தலை வெளியே நீட்டினாலும் பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். ஸ்லெட் முழுக்க உலோகம் வருகிற இடம் இது ஒன்றுதான்.

இதில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். முதல் தடவை மகன் வீட்டுக் கராஜில், ஹீட்டர் ஓடுகிற கதகதப்பில், பட்டையை இழுத்துப் பிடித்து அரை அடிக்கு ஒரு ஸ்குரூவாக இறுக்கினேன். ராத்திரி ஸ்லெட்டை வெளியே வைத்தோம். விடியும்போது -28 டிகிரி. போய்ப் பார்த்தால் பின்பக்கத்தில் மூன்று ஸ்குரூ பட்டையைக் கிழித்துக்கொண்டு நின்றன. 31 வருடம் வார்ப்படத் தொழிற்சாலையில் பேட்டர்ன் மேக்கராக, அதாவது வார்ப்புக்கு மர மாதிரி செய்பவனாக, இருந்தவன் நான். இரும்பு ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு மரத்தில் அளவு கூட்டுவதுதான் என் தொழிலே. அந்தக் கணக்கைப் பிளாஸ்டிக்குக்குப் போடத் தவறிவிட்டேன். 5 அடிப் பட்டை, 50 டிகிரி வெப்பம் இறங்கினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சுருங்கும். மரம் நீளவாக்கில் அசையவே அசையாது. ஆகவே முன்முனையில் மட்டும் இரண்டு ஸ்குரூவை இறுக்கிப் போட்டு, மற்ற துளைகளையெல்லாம் நீளவாக்கில் காடி மாதிரி இழுத்துவிடுங்கள். ஸ்குரூவை அரைச்சுற்று தளர்த்தி விடுங்கள். பட்டை தன் இஷ்டத்துக்குச் சுருங்கி நீளட்டும்.

கட்டையின் அகலம் போதுமா என்று கேட்பீர்கள். சாமானும் ஸ்லெட்டும் சேர்த்து 60 கிலோ என்று வைத்தால், இரண்டு கட்டையும் தரையில் படுகிற இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிராம்தான் அழுத்தம். நாம் ஒற்றைக்காலில் நிற்கும்போது விழுகிற அழுத்தத்தில் கால்பங்கு. வின்னிபெக் ஏரி மாதிரி காற்று அடித்துப் பனித்தூளை இறுக்கி வைத்திருக்கும் இடத்துக்கு இது போதும். மரங்களுக்கு நடுவே பொடியாகக் கிடக்கும் இடம் வழியாகப் போக வேண்டியிருந்தால், பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி பனிச்சறுக்கு ஸ்கி வாங்கி, அதன்மேல் இந்தக் கட்டையை ஏற்றுங்கள். அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஸ்கியின் அடியிலேயே பாலிதீன் இருப்பதால் டிரம் பட்டை தேவைப்படாது.

மரத்தை இங்கிருந்து கொண்டு போகாதீர்கள். பூச்சி வந்துவிடும் என்று அங்கே மரத்துக்குக் கெடுபிடி உண்டு, அது நியாயமும்கூட. ஸ்லெட்டுக்கு உலகத்திலேயே நல்ல மரம் ஆஷ், வளையும், உடையாது. ஆசியாவிலிருந்து போன மரகதப்பச்சை வண்டு ஒன்று அமெரிக்கக் கண்டத்து ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டு வருகிறது. 2017இல் அது வின்னிபெக்கிலும் இருப்பது தெரியவந்தது. என் மகன் தெருவில் வரிசையாக நின்ற ஆஷ் மரங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

இழுப்பதைப் பற்றி. கையால் இழுக்க வேண்டாம் என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தோளும் முதுகும் திருகிப் போகும். இடுப்பில் அகலமான வார், அதிலிருந்து ஸ்லெட்டின் முன்னே இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கழிகள். வெறும் கயிறு என்றால் கரையிலிருந்து ஏரிக்கு இறங்கும்போது ஸ்லெட் பின்னாலிருந்து வந்து குதிகாலை அடிக்கும். கயிற்றின் மேல் பி.வி.சி. குழாயைக் கோத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் குளிரில் சாதாரண பி.வி.சி. கண்ணாடி மாதிரி உடைகிறது, என் கையிலேயே உடைந்தது. அங்கே தோட்டச் சாமான் கடையில் செடிக்கு முட்டுக் கொடுக்கிற மூங்கில் கிடைக்கும், அதை வாங்குங்கள். எட்டடிக் கழியாக இருக்கட்டும். சின்னதாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய் முன்பக்கத்தைத் தூக்கும்.

கனமான சாமான் அடியில், நடுவுக்குக் கொஞ்சம் பின்னால். ஏரியில் நிறுத்தியதும் கட்டைகளுக்கு அடியில் இரண்டு குச்சி செருகிவிடுங்கள். ஈரத்தோடு அப்படியே நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் ஸ்லெட் ஐஸோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: 40 வருஷமாக மரவேலை செய்கிறேன். ஆணியும் ஃபெவிகாலும் ஸ்குரூவும் போட்ட இணைப்பைவிடக் கயிறு உறுதி என்று நீங்கள் எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விளக்குங்கள்.
வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: நண்பரே, கேட்டது நல்லது. மேசைக்கும் அலமாரிக்கும் நீங்கள் சொல்வதே சரி. அவை ஓரிடத்தில் நிற்பவை. ஸ்லெட்டின் நிலைமை வேறு. உறைந்த ஏரி கண்ணாடித் தரை போல இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். காற்று பனித்தூளை அலை அலையாகச் செதுக்கி இறுக்கியிருக்கிறது. இடையிடையே ஐஸ் தகடுகள் ஒன்றோடொன்று முட்டி வரப்பு மாதிரி எழும்பி நிற்கின்றன. இடது கட்டை ஒரு மேட்டில் ஏறும்போது வலது கட்டை பள்ளத்தில் இருக்கும். அடுத்த அடியில் மாறும். ஒரு மைல் நடப்பதற்குள் சட்டம் ஆயிரம் தடவை முறுக்கப்படுகிறது. ஸ்குரூவில் இணைத்தால் அந்த முறுக்கல் முழுவதும் ஸ்குரூ நிற்கிற ஒரு புள்ளியில் வந்து விழும். மரம் அங்கே முதலில் துளையை அகலமாக்கிக்கொள்ளும், பிறகு பிளக்கும். கயிற்றுக் கட்டில் ஒவ்வொரு மூட்டும் நூலளவு அசைந்து கொடுக்கும். 22 மூட்டும் பங்கு போட்டுக்கொள்வதால் எதுவும் தனியாக அடி வாங்குவதில்லை.

இதை நான் அங்கே போய்க் கற்றுக்கொள்ளவில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் பிறந்தவன் நான். அப்பாவுக்குக் கட்டுமரம் இருந்தது. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், கட்டிய மரம். கரையில் உடைகிற அலை எந்த ஆணியையும் பிடுங்கிவிடும். கட்டிய மரங்கள் அலையின்மேல் ஒன்றையொன்று தடவிக்கொண்டு ஏறி இறங்கும். அப்பா கயிற்றை இழுக்கும்போது குதிகாலை மரத்தில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்ப்பார். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். மறுநாள் விடியலில் மறுபடி கட்டுவார்கள். நான் வின்னிபெக் கராஜில் உட்கார்ந்து முதல் கட்டைப் போட்டபோது என் குதிகால் தானாகவே பலகைமேல் போய் ஊன்றியது. இதை எழுதும்போதும் அவர் முகம் வருகிறது.

இனுயிட் மக்கள் தங்கள் கமுடிக்கைத் தோல்வாரால் கட்டினார்கள், இன்று கயிற்றால் கட்டுகிறார்கள். மரமே வளராத ஊர் அது. கடலில் மிதந்து வந்து ஒதுங்கும் கட்டையும் திமிங்கில எலும்பும்தான் அவர்களுக்குப் பலகை. அதுவும் கிடைக்காத இடத்தில், நெட்சிலிக் என்னும் பிரிவினர் மீன்களை வரிசையாக அடுக்கி, ஈரத்தோலில் சுருட்டி, உறைய வைத்து, அதையே சறுக்குக் கட்டையாக்கினார்கள். வெயில் காலம் வந்ததும் அந்த மீன் சாப்பாடாகிவிடும். 1888இல் நார்வேக்காரர் ஃபிரிட்யோஃப் நான்சென் கிரீன்லாந்தின் ஐஸ் பரப்பை முதன்முதலாகக் குறுக்கே கடந்தபோது இழுத்துப் போன ஸ்லெட்டுகளிலும் மூட்டுகளைக் கட்டித்தான் இணைத்திருந்தார்கள். அவர் பெயராலேயே அந்த வகை ஸ்லெட் பிறகு துருவப் பயணங்களில் நெடுங்காலம் ஓடியது.

இன்னொரு வசதியும் உண்டு. ஏரி நடுவில் ஒரு கட்டு அறுந்தால் கையுறையைக் கழற்றி இரண்டு நிமிடத்தில் மறுபடி கட்டலாம். பிளந்த மரத்துக்கு அங்கே வைத்தியம் கிடையாது.

கேள்வி: என் மகன் கனடாவின் எட்மண்டனில் வேலை பார்க்கிறான். இந்த வருஷம் நண்பர்களோடு சேர்ந்து ஐஸில் மீன் பிடிக்கப் போகிறேன் என்கிறான். ஐஸ் உடைந்து உள்ளே விழுந்துவிட்டால் என்று நினைத்து எனக்குத் தூக்கம் வருவதில்லை. போகாதே என்று சொல்லிவிடட்டுமா?
வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: அம்மா, உங்கள் பயம் வீண் பயம் இல்லை. ஆண்டுதோறும் ஆட்கள் விழுகிறார்கள். ஆனால் போகாதே என்றால் பிள்ளை சொல்லாமல் போவான். அதைவிட இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். அவன் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, படிக்கட்டும்.

தனியாக நடக்க 15 சென்டிமீட்டர் ஐஸ் வேண்டும் என்கிறது கனடா செஞ்சிலுவைச் சங்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தெளிந்த புது ஐஸாக இருந்தால் 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் போதும் என்கிறார்கள். நான் 15ஐத்தான் பிடித்துக்கொள்வேன். பெற்றவர்கள் எல்லோரும் பெரிய எண்ணையே பிடித்துக்கொள்வோம். இது தெளிந்த, கறுப்பாகத் தெரிகிற ஐஸுக்கு. பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் அதில் காற்றும் பனித்தூளும் கலந்திருக்கிறது, பலம் பாதிதான், இரண்டு மடங்கு கனம் வேண்டும். ஒரே ஏரியில் ஓரிடத்தில் ஒரு முழமும், ஆறு வந்து சேரும் வாயில் நாலு விரலும் இருக்கும். ஆகவே கரையில் ஒருமுறை அளந்ததை நம்பக்கூடாது. கையில் கனமான உளிக்கம்பி வைத்துக்கொண்டு போகப் போகக் குத்திப் பார்க்க வேண்டும். முதல் ஐஸிலும் கடைசி ஐஸிலும் போகவே வேண்டாம். நாங்கள் பிப்ரவரியில் போனபோது ஆகர் இரண்டு முழம் இறங்கிய பிறகுதான் தண்ணீர் வந்தது.

விழுந்துவிட்டால்? வின்னிபெக்கில் இருக்கிற மனிடோபா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதற்கென்றே தன் வாழ்க்கையைக் கொடுத்தவர். உறைந்த தண்ணீரில் தானே பலமுறை இறங்கிப் பார்த்தவர். அவர் சொல்லித் தரும் கணக்கு 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. பதறாமல் மூச்சை மட்டும் அடக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். வெளியே வருகிற வேலை அப்போது. குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். விழுந்ததும் உடனே உயிர் போய்விடும் என்று நினைத்துத்தான் பலர் அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்குகிறார்கள். வந்த திசைக்கே திரும்பி, காலை உதைத்து, உடம்பைப் படுக்கையாக ஐஸ்மேல் ஏற்றி, எழுந்து நிற்காமல் உருண்டு போக வேண்டும்.

வழுக்குகிற ஐஸைப் பிடிக்க ஒன்று செய்து கொடுக்கலாம், அம்மா. கைக்குள் அடங்கும் இரண்டு மரப்பிடி, ஒவ்வொன்றிலும் ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரான ஆணி, இரண்டையும் இணைத்து ஒரு கயிறு, முனைக்குத் தக்கை. கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் வைக்கக் கூடாது, கழுத்திலேதான். உங்கள் பக்கத்து மரப்பட்டறையில் அரைமணி வேலை. அனுப்பினால் செக்-இன் பெட்டியில் அனுப்புங்கள்.

ஸ்லெட் இழுக்கும் இடுப்பு வார் ஒரே இழுப்பில் கழல வேண்டும். பள்ளிக்கூடப் பையில் இருக்கிற கிளிப் போதும். முடிச்சுப் போட்டுக்கொண்டால், ஸ்லெட் கூடவே விழுந்து 60 கிலோ அவனைக் கீழே இழுக்கும். இன்னொன்று, கூடாரத்துக்குள் ஹீட்டர் எரியும்போது காற்றோட்டத் திறப்பை மூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் கொல்லும். பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தா, ஐஸ்மேல் ஸ்லெட் ஏன் வழுக்குகிறது? ஏரியே உறைந்தால் மீன் எப்படி உயிரோடு இருக்கும்? பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதை மாடலாகச் செய்ய முடியுமா?
ஒன்பதாம் வகுப்பு மாணவி, அல்சூர்

பதில்: கண்ணு, மீனிலிருந்து ஆரம்பிக்கிறேன். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். ஐஸ் இன்னும் லேசு, அதனால் மிதக்கிறது. மேலே -30 டிகிரி காற்று அடித்தாலும் அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கியிருக்கும், மீன் அங்கே மெதுவாக நீந்திக்கொண்டிருக்கும். மேலே இருக்கிற ஐஸ் அதற்குப் போர்வை.

வழுக்குவதற்குக் காரணம், ஐஸின் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகளுக்குப் பிடிமானம் குறைவு. பூஜ்யத்துக்குக் கீழேயும் அவை நீர் மாதிரி அசையும் மெல்லிய படலமாக இருக்கின்றன. மைக்கேல் ஃபாரடே 1850லேயே இதை ஊகித்தார். இரண்டு ஐஸ் துண்டைச் சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார். குளிர் மிக அதிகமானால் அந்தப் படலம் மெலிந்துவிடும். -30இல் பனித்தூள் மணல் மாதிரி நறநறக்கும், நான் காதால் கேட்டிருக்கிறேன். மீன் எடை போடும் வில் தராசை இழுகயிற்றில் மாட்டிப் பார்த்தோம். -8இல் காட்டிய இழுப்பு -30இல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

மாடல் தாராளமாகச் செய்யலாம். ரஸ்ஸல் மார்க்கெட் மீன் கடைகளுக்கு வருகிற பார் ஐஸில் ஒரு துண்டு அப்பாவை வாங்கித் தரச் சொல். ஒரே அளவில் மூன்று மரத்துண்டு எடு. ஒன்றின் அடி வெறும் மரம், ஒன்றில் மெழுகுவத்தி தேய்த்தது, ஒன்றில் டிரம் பட்டை. மேலே ஒரே எடை வைத்து, பள்ளி ஆய்வகத்து வில் தராசால் இழுத்துக் குறித்துக்கொள். பிறகு ஒரு தட்டில் தண்ணீரை உறைய வைத்து, அதை நொறுக்கிய ஐஸும் கல்லுப்பும் கலந்த தொட்டியில் அரைமணி நேரம் வை. உப்பு கலந்த ஐஸ் -15, -20 வரைகூட இறங்கும். அதே துண்டுகளை அதன்மேல் இழு. எண்கள் மாறுகிறதா பார். மாறினாலும் மாறாவிட்டாலும் வந்ததை வந்தபடி எழுது. எனக்கும் எழுது, அடுத்த இதழில் போடுகிறேன். உப்பு ஐஸில் வெறுங்கை வைக்காதே, தோல் புண்ணாகிவிடும்.

கேள்வி: பிளாஸ்டிக் டிரம் எங்கே வாங்குவது? எந்த டிரம் என்றாலும் சரியா?
வாசகர், ஜாலஹள்ளி

பதில்: புதிது வேண்டாம். சிவாஜிநகர் காயலான் கடைகளில், நம் ஊர்ப் பேச்சில் குஜரியில், உடைந்த டிரம்மைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் 2 என்ற எண் இருக்க வேண்டும், அதுதான் எச்.டி.பி.ஈ. எண்ணெயோ ஊறுகாயோ வந்த டிரம் நல்லது. ரசாயனம் வந்ததைத் தொடாதீர்கள், அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறும். ரொம்ப நாள் வெயிலில் கிடந்து வெளுத்துப்போன டிரம்மும் வேண்டாம், நகத்தால் கீறினால் மாவு மாதிரி வரும். வெட்டிய பட்டை வளைந்தே நிற்கும். வெந்நீரில் கால்மணி நேரம் போட்டு எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் நேராகிவிடும்.